தடையாணை நடக்கும் வழி

கோயம்புத்தூரிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் இரயில் வண்டி மதுக்கரையைத் தாண்டியதும், இருபுறத்து மலைகளும் விலகி வழிவிட, வாளையாறு வந்து சேர்கிறது. கம்பத்திலிருந்து மலையேறுகிறவர் குமுளியை அடைகிறார். போடிநாயக்கனூரிலிருந்து ஏறுகிறவர் போடிமெட்டை அடைகிறார். இந்த எல்லைப் பக்கங்களில் பிறந்து, பிழைப்பின் பொருட்டு இன்று தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ வாழும் தமிழர் எவரும் சோதனைச் சாவடியை மறந்திருக்க இயலாது. சாலையின் குறுக்கே ஒரு மரம். அதன் அருகே ஒரு சிறு அறை. லாரி ஓட்டுநர் சீட்டை நீட்டுவார். அலுவலர் மூட்டைகளைப் பார்வையிடுவார். பிறகு மரம் மேலே எழும். 2017ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் விற்பனை வரிச் சாவடிகள் மறைந்தன. ஆயினும், வனத்துறை, கலால் துறை ஆகியவற்றின் சோதனை இன்றும் நடைபெறுகிறது.

அரசாங்கத்தின் தடையை நாம் கண்ணாற் காண்பது இத்தகைய இடங்களில்தான். ஆனால், நம் கண்ணுக்குப் புலப்படாத வேறொரு தடையும் உண்டு. நியூயார்க் நகரில் ஐக்கிய நாடுகள் சபையின் பாதுகாப்பு மன்றம் கூடி, “இன்ன நாட்டுடன் எவரும் வாணிகம் செய்யலாகாது” என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றுகிறது. அத்தீர்மானம் எந்த வழியாக நடந்து, வண்டன்மேட்டு ஏலக்காய் மூட்டையையும் மூணாற்றுத் தேயிலைப் பெட்டியையும் வந்து தடுத்து நிறுத்துகிறது? அதை நிறைவேற்றுவோர் யாவர்? அதனால் வரும் இழப்பைச் சுமப்போர் யாவர்? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடங்குமுன் சொல்லைப் பற்றி ஒரு சொல். நம் அலுவலகங்களில் “சாங்ஷன்” என்றால் எல்லார்க்கும் மகிழ்ச்சி. கடன் சாங்ஷன் ஆயிற்று, விடுப்பு சாங்ஷன் ஆயிற்று என்றால் மேலிடம் ஒப்புதல் அளித்துவிட்டது என்பது பொருள். அதே ஆங்கிலச் சொல் நாடுகளுக்கிடையே வழங்கும்பொழுது நேர்மாறான பொருளைத் தருகிறது. அங்கே அது தண்டனையைக் குறிக்கும். அரசாங்கக் காகிதங்களை மொழிபெயர்க்கும் பணியில் இருப்போர் இவ்விடத்தில் சற்றே தயங்கி நிற்பதுண்டு. தமிழில் “பொருளாதாரத் தடை” என்றெழுதிக் கடந்து செல்கிறோம். ஆயினும், அவ்விரு பொருளும் ஒரே சொல்லில் குடியிருப்பது பொருத்தமே என்பதைப் பின்னர்க் காண்போம். ஏனெனில், தடையொன்று பிறந்தவுடனேயே அதற்கு விலக்கு அளிக்கும் அனுமதியும் உடன்பிறந்துவிடுகிறது.

பொருள்களைத் தடுத்து நிறுத்துவது நம் எல்லை மலைகளுக்குப் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் அரசு ஏலக்காயைத் தன் தனியுரிமைப் பண்டமாக வைத்திருந்தது. மலையில் விளைந்த காய் முழுவதையும் அரசுக்கே கொடுக்க வேண்டும்; வேறெவர்க்கும் விற்கலாகாது. ஆனால், ஏலமலையின் கிழக்குச் சரிவு மதுரைச் சீமையை நோக்கி இறங்குகிறது. தோட்டத்தில் உழைத்தவரும், அரிசியும் உப்பும் கொண்டுவந்து விற்றவரும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தே ஏறி வந்தனர். கணவாய்தோறும் காவல் வைத்தாலும், கால்நடைப் பாதைகள் பலவாக இருந்தன. எடை குறைந்து விலை மிகுந்த பண்டம் எதுவோ அது எக்காவலையும் தப்பும் என்பதை ஏலக்காய் அன்றே காட்டிற்று.

பாலக்காட்டுப் பக்கத்தில் நிலைமை இன்னும் விந்தையானது. பாலக்காடு பிரிட்டிஷ் மலபாரைச் சேர்ந்தது. அருகிலுள்ள சிற்றூரோ கொச்சி அரசரின் ஆட்சிக்குட்பட்டு, கொச்சியின் மற்றப் பகுதிகளிலிருந்து விலகிக் கிடந்தது. இரு பக்கமும் வெவ்வேறு தீர்வை, வெவ்வேறு உப்பு விலை. இச்சிக்கலைத் தீர்த்தது காவற்படை அன்று, ஓர் உடன்படிக்கை. 1865ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் இந்திய அரசும் திருவிதாங்கூர், கொச்சி அரசுகளும் துறைமுக உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டன. மூன்று ஆட்சிகளும் துறைமுகங்களில் ஒரே அளவான தீர்வையை வாங்குவதென்றும், தம்முள் நிலவழியே செல்லும் பெரும்பாலான பொருள்களுக்குத் தீர்வை வாங்குவதில்லையென்றும் ஒப்புக்கொண்டன. தீர்வை வேறுபாடு நீங்கவே, அப்பொருள்களைக் கள்ளத்தனமாகக் கடத்துவதற்குக் காரணமும் நீங்கிற்று. அண்டை அரசுகள் ஒரு மனமாயினால் ஆயிரம் காவலர் செய்ய இயலாததைச் செய்யலாம். ஓர் அரசு விலகி நின்றாலும் காவல் அனைத்தும் வீண் என்பது இதனால் விளங்கும். பிற்காலத்தில் உலக நாடுகள் தடையாணைகளில் கற்ற பாடமும் இதுவே.

இந்தியா பிற நாடொன்றின்மீது விதித்த பெருந்தடையின் வரலாறு தமிழர் வாழ்வோடு பின்னிக் கிடக்கிறது. 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து சென்ற ‘டுரூரோ’ என்னும் கப்பல் நேட்டாலின் டர்பன் துறையை அடைந்தது. அதில் சென்றவர் கரும்புத் தோட்டங்களுக்கான ஒப்பந்தக் கூலிகள். 1911ஆம் ஆண்டு வரை ஏறக்குறைய 1,52,000 பேர் இவ்வாறு சென்றனர். அவர்களுள் பெரும்பான்மையோர் சென்னை வழியாகச் சென்ற தமிழரும் தெலுங்கருமே. இவர்தம் மக்களும் பேரரும் அந்நாட்டிலேயே வேரூன்றிய பின்னர், 1946ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்க அரசு, ஆசியர் நிலம் வாங்கவும் குடியிருக்கவும் கூடிய இடங்களைக் குறுக்கும் சட்டமொன்றை இயற்றிற்று. அதை எதிர்த்து அவ்வாண்டு ஜூன் மாதத்தில் டர்பனில் அறப்போர் தொடங்கிற்று. அதை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர் தமிழ் வழியில் வந்த டாக்டர் மோண்டி நாயக்கர்.

அப்பொழுது இந்தியா விடுதலை பெறவில்லை. இடைக்கால அரசும் செப்டம்பர் மாதத்தில்தான் அமைந்தது. எனினும், நாட்டில் எழுந்த உணர்ச்சியின் வேகத்தால், 1946 ஜூலையில் இந்திய அரசாங்கம் தென்னாப்பிரிக்காவுடன் வாணிகத்தைத் தடை செய்தது. இனக் கொள்கையின் பொருட்டு அந்நாட்டின்மீது வாணிகத் தடை விதித்த முதல் நாடு இந்தியாவே. அக்காலத்தில் நம் ஏற்றுமதியில் ஏறக்குறைய 5.5 விழுக்காடு அந்நாட்டிற்குச் சென்று கொண்டிருந்தது. அதில் சணற்கோணிக்கு முக்கிய இடம் உண்டு. இத்தொகையைச் சிறியதென எண்ணலாகாது. வறுமையில் இருந்த ஒரு நாடு தன் வருவாயில் ஒரு பங்கைத் தானே முன்வந்து துறந்தது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் நினைவிற் கொள்ள வேண்டும். அத்தடையால் முதலில் வருந்தியவர்களுள் தென்னாப்பிரிக்க இந்தியரும் இருந்தனர். அவர்கள் நடத்திய கடைகளுக்குச் சரக்கு இந்தியாவிலிருந்தே வரவேண்டியிருந்தது. அப்படியிருந்தும், தடை விதிக்குமாறு இந்திய அரசாங்கத்தை வேண்டியவர்களும் அவர்களே. அதன் பொருட்டு அவர்களுடைய தூதுக்குழு 1946ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இந்தியா வந்து முறையிட்டது. எவர் பொருட்டுத் தடை விதிக்கப்படுகிறதோ அவரே அதன் சுமையை ஏற்க உடன்பட்டமையால், அத்தடைக்கு ஒரு நெறியுரிமை அமைந்தது. இது எல்லாத் தடைகளுக்கும் வாய்ப்பதன்று.

தனியொரு நாடு விதித்த தடை எவ்வளவு வலியுடையது? 1865ஆம் ஆண்டு உடன்படிக்கை கற்பித்த பாடம் இங்கே மெய்யாயிற்று. பெரிய வாணிக நாடுகள் தென்னாப்பிரிக்காவுடன் பற்று வரவை நிறுத்தவில்லை. ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 1962ஆம் ஆண்டில்தான் வாணிகத் தடையைப் பரிந்துரைத்தது. எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் ஆயுதத் தடையைப் பாதுகாப்பு மன்றம் 1977ஆம் ஆண்டில்தான் விதித்தது. இந்தியாவோ 47 ஆண்டுகள் தன் தடையைக் கைவிடாது காத்து, 1993ஆம் ஆண்டில், தடைகளை நீக்கும் காலம் வந்துவிட்டது என்று நெல்சன் மண்டேலா அறிவித்த பின்னரே தளர்த்திற்று.

இனி, இத்தகைய தடைக்குச் சட்ட வடிவம் எவ்வாறு அமைகிறது என்று பார்ப்போம். ஐக்கிய நாடுகளின் சாசனத்தில் 25ஆம் பிரிவு, பாதுகாப்பு மன்றத்தின் முடிவுகளை உறுப்பு நாடுகள் ஏற்று நிறைவேற்ற வேண்டும் என்கிறது. 41ஆம் பிரிவு, படைவலியைப் பயன்படுத்தாமல் பொருளுறவு, போக்குவரத்து, அஞ்சல், தூதுறவு முதலியவற்றை முறிக்கும் வழியைக் கூறுகிறது. ஆனால், நம் நாட்டு முறைப்படி, வெளிநாட்டில் செய்யப்பட்ட முடிவு தானாகவே இங்கே சட்டமாகிவிடாது. கொச்சித் துறைமுகத்துச் சுங்க அதிகாரி, நியூயார்க் தீர்மானத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவருடைய மூட்டையைப் பறிமுதல் செய்ய இயலாது. அவருக்கு இந்நாட்டுச் சட்டத்தின் ஆதாரம் வேண்டும்.

அந்த ஆதாரத்தைத் தருவது 1947ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு மன்றச் சட்டம். மிகச் சிறிய சட்டம். 41ஆம் பிரிவின்கீழ் மன்றம் எடுக்கும் முடிவுகளை நிறைவேற்றுதற்கு வேண்டிய ஏற்பாடுகளை, அரசிதழில் வெளியிடும் ஆணையின் வாயிலாக மத்திய அரசு செய்துகொள்ளலாம் என்பதே அதன் சாரம். விதையைப் போன்ற இச்சட்டத்திலிருந்தே பின்வந்த ஆணைகள் பல முளைத்தன. சான்றாக, வடகொரியா அணுகுண்டுச் சோதனைகளை நடத்தியதன் பேரில் பாதுகாப்பு மன்றம் விதித்த தடைகளை நிறைவேற்ற, 2017ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியுறவு அமைச்சகம் இச்சட்டத்தின்கீழ் ஓர் ஆணையை அரசிதழில் வெளியிட்டது.

அரசிதழில் ஆணை வந்ததும் அதன் நடைப்பயணம் தொடங்குகிறது. வாணிக அமைச்சகத்தைச் சேர்ந்த வெளிநாட்டு வாணிகத் தலைமை இயக்ககம் ஓர் அறிவிக்கை வெளியிடும். 1947ஆம் ஆண்டின் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்திற்குப் பதிலாக வந்த 1992ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு அதிகாரம் தருகிறது. அச்சட்டத்தை மீறி வாணிகம் செய்தவர்க்குச் சரக்கின் மதிப்பைப்போல் ஐந்து மடங்கு வரை தண்டம் விதிக்கலாம். அறிவிக்கையில் “நேரடியாகவோ மறைமுகமாகவோ” என்னும் சொற்கள் தவறாமல் இடம்பெறும். இவ்விரு சொற்களில்தான் முழுச் சூட்சுமமும் அடங்கியுள்ளது. சோமாலியாவிலிருந்து மரக்கரி வாங்குவதைப் பாதுகாப்பு மன்றம் 2012ஆம் ஆண்டில் தடை செய்தது. அக்கரியின் வருவாய் அங்குள்ள ஆயுதக் கூட்டத்தாருக்குச் சென்றமையே காரணம். சோமாலியக் கரியை மூன்றாவது நாடொன்றில் இறக்கி, வேறு பெயரிட்டு அனுப்பினாலும் குற்றமே என்பதற்காகவே “மறைமுகமாகவோ” என்ற சொல் எழுதப்படுகிறது.

ஏலக்காய் மூட்டை ஒன்றைப் பின்தொடர்ந்து சென்றால் இவ்வேற்பாடு தெளிவாகும். உடும்பன்சோலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பறித்த காய், ஸ்டோரில் உலர்த்தப்பெற்று, புற்றடியிலோ போடிநாயக்கனூரிலோ நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் நடக்கும் ஏலத்திற்கு வருகிறது. அங்கு வாங்கியவர் அதை வெளிநாட்டிற்கு அனுப்ப வேண்டுமாயின் வாரியத்தில் ஏற்றுமதியாளராகப் பதிவு பெற்றிருக்க வேண்டும். துறைமுகத்தில் கப்பற் பட்டியல் தாக்கல் செய்கிறார். அதில் சரக்கு இன்னது, வாங்குவோர் இன்னார், இறங்கும் துறை இன்னது என்று எழுத வேண்டும். அப்பட்டியலைச் சுங்கத்துறை ஆராய்கிறது. தடை செய்யப்பட்ட சரக்கானால் 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டப்படி பறிமுதல் செய்யலாம். சரக்கேற்றும் கப்பலுக்கும் காப்பீட்டுக்கும் தனித்தனியே ஆய்வு உண்டு.

இவையெல்லாம் கடந்தாலும் வங்கி என்ற கடைசிச் சாவடி நிற்கிறது. பணம் வாராமல் எவரும் சரக்கு அனுப்புவதில்லை. பாதுகாப்பு மன்றம் வெளியிடும் பெயர்ப் பட்டியல்களை ரிசர்வ் வங்கி பிற வங்கிகளுக்குச் சுற்றறிக்கையாக அனுப்புகிறது. பட்டியலில் உள்ளவர் கணக்கு எதுவும் இருக்கிறதா என்று வங்கிகள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பயங்கரச் செயல்களுடன் தொடர்புடையோரின் சொத்துகளை முடக்குவதற்குச் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் 2008ஆம் ஆண்டு ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. பெயரொற்றுமையால் குற்றமற்றவர் கணக்கும் நிறுத்தப்படலாம். தந்தை பெயரின் முதலெழுத்தும் தம் பெயருமாக மட்டும் எழுதிப் பழகிய தமிழர், பிற மாநிலத்திலோ பிற நாட்டிலோ பணம் அனுப்பும்பொழுது முழுப் பெயரையும் பிறந்த நாளையும் முகவரியையும் தெளிவாகக் கொடுப்பது நலம். தவறாக முடக்கப்பட்டவர் முறையிட்டு விடுவிப்புப் பெறுவதற்கும் வழி வகுக்கப்பட்டுள்ளது.

நியூயார்க்கில் பிறந்த ஆணை இவ்வாறு தில்லி அரசிதழ், இயக்ககத்தின் அறிவிக்கை, துறைமுகப் பட்டியல், வங்கிக் கணக்கு என்று படிப்படியாக இறங்கி வருகிறது. அதற்கெனத் தனிப்படை எதுவும் கிடையாது. வழக்கமான வேலையைச் செய்யும் எழுத்தர்களும் அதிகாரிகளும் தத்தம் மேசையில் விழிப்பாயிருந்தால் தடை உயிர்பெறும். இல்லையேல் அது வெறுங்காகிதமாய்க் கிடக்கும்.

இனி, இத்தடையால் யார் வருந்துகிறார் என்ற வினாவுக்கு வருவோம். 1990ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியது. நான்கே நாளில், அதாவது ஆகஸ்டு 6ஆம் நாள், பாதுகாப்பு மன்றம் 661ஆம் தீர்மானத்தை நிறைவேற்றி ஈராக்குடனும் ஆக்கிரமிக்கப்பட்ட குவைத்துடனும் வாணிகத்தை ஏறக்குறைய முழுமையாகத் தடை செய்தது. இந்தியா அதற்குக் கட்டுப்பட்டது. அந்நாடுகளில் இந்தியர் ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேர் அளவில் இருந்தனர். கேரளத்தார் அவர்களுள் மிகுதி. ஏர் இந்தியா விமானங்கள் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவரைத் தாயகம் கொண்டுவந்தன. ஆகஸ்டு முதல் வாரம் வரை பணம் அனுப்பிக்கொண்டிருந்த மகன், கைப்பையுடன் வீட்டு வாயிலில் வந்து நின்றான். பாலக்காட்டுப் பக்கத்தில் இதை நேரிற் கண்ட குடும்பங்கள் உண்டு.

குவைத்திலேயே சிக்கிக்கொண்டிருந்த இந்தியர்க்கு உணவு அனுப்ப வேண்டியிருந்தது. ஆனால், உணவு அனுப்புவதும் தடைக்கு உட்பட்டது! “மனிதாபிமானச் சூழ்நிலை” இருந்தால் மட்டும் உணவை அனுமதிக்கலாம் என்பது தீர்மானத்தின் வாசகம். அச்சூழ்நிலை உண்டா, இல்லையா என்று தீர்மானிப்பது நியூயார்க்கிலிருந்த ஒரு குழு. தன் குடிமக்களுக்கே சோறனுப்ப இந்திய அரசு அக்குழுவின் அனுமதியைக் கேட்டுப் பெற வேண்டியதாயிற்று. 1990 செப்டம்பரில் ‘விசுவ சித்தி’ என்னும் இந்தியக் கப்பல் அவ்வனுமதியுடன் உணவேற்றிச் சென்றது. தொடக்கத்தில் நாம் கண்ட சொல்லின் இரு பொருளும் அன்று ஒரே காகிதத்தில் கூடி நின்றன.

ஈராக் மக்கள் தேயிலையைப் பெரிதும் விரும்புபவர். தடை வந்தபின் அந்நாட்டு அரசு குடும்பந்தோறும் வழங்கிய பங்கீட்டில் மாவு, அரிசி, சர்க்கரை, எண்ணெய் ஆகியவற்றோடு தேயிலையும் இடம்பெற்றது. போர் முடிந்தபின், 1991 ஏப்ரலில், உணவுப் பொருள்களை அனுப்புவதற்குக் குழுவுக்குத் தெரிவித்தாலே போதும் என்று விதி தளர்த்தப்பட்டது. ஆயினும், விதி தளர்ந்ததேயன்றி வாணிகம் தளிர்க்கவில்லை. ஈராக்கின் எண்ணெய் விற்பனை தடையில் இருந்தது; அதன் வெளிநாட்டுச் சொத்துகள் முடங்கிக் கிடந்தன. வாங்கலாம் என்ற அனுமதி உண்டு, வாங்குவதற்குக் காசில்லை. 1995ஆம் ஆண்டின் 986ஆம் தீர்மானப்படி எண்ணெய் விற்று உணவு வாங்கும் திட்டம் வகுக்கப்பெற்று, 1996 டிசம்பரில்தான் அது செயற்பட்டது. இடைப்பட்ட ஆறாண்டுகளில் அந்நாட்டில் குழந்தைகளும் முதியோரும் பட்ட துன்பம் உலகத்தின் மனச்சாட்சியை உறுத்திற்று. ஆட்சியாளரைத் தண்டிக்க விதித்த தடை அவர்தம் அரண்மனை வாயிலில் நிற்காமல் ஏழையின் அடுப்படிக்குச் சென்றது.

விற்பவர் பக்கத்திலும் இதே கதைதான். தேயிலையின் இயல்பை மலையில் வாழ்ந்தவர் அறிவர். பறித்த கொழுந்தை அன்றே ஆலைக்கு அனுப்பியாக வேண்டும். மீண்டும் கொழுந்து விட்டால் மீண்டும் பறித்தாக வேண்டும். நியூயார்க்கில் தீர்மானம் நிறைவேறிற்று என்று செடி தளிர்ப்பதை நிறுத்துவதில்லை. கொச்சி ஏலத்தில் வழக்கமாக வாங்குகிறவருள் ஒருவர் வாராதுபோனால், அவர் வாங்கும் வகைத் தேயிலைக்குக் கேட்கும் விலை இறங்கும். இறங்கிய விலை ஆலைக்கும், ஆலையிலிருந்து பச்சைக் கொழுந்து விற்கும் சிறு விவசாயிக்கும் போய்ச் சேரும். ஏலக்காயை உலர்த்திச் சில மாதங்கள் காத்து வைக்கலாம். ஆயினும், கடன் வாங்கிப் பயிரிட்டவன் காத்திருக்க இயலுமா? கம்பத்திலிருந்தும் தேவாரத்திலிருந்தும் விடியுமுன் ஜீப்பில் மலையேறிச் செல்லும் தமிழ்ப் பெண்கள் பாதுகாப்பு மன்றத்தின் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால், தோட்டத்தில் வேலைநாள் குறைந்தால் அதை முதலில் உணர்வோர் அவர்களே.

தடையால் தமக்கு நேரும் பொருளிடரைத் தீர்க்க வழி கேட்கும் உரிமையைச் சாசனத்தின் 50ஆம் பிரிவு உறுப்பு நாடுகளுக்குத் தருகிறது. 1990ஆம் ஆண்டில் இந்தியா உள்ளிட்ட பல நாடுகள் அப்பிரிவின்கீழ் முறையிட்டன. எண்ணெய் விலை ஏற்றம், வெளிநாட்டிலிருந்து வரும் பணம் குறைதல், ஏற்றுமதி இழப்பு ஆகிய மூன்றும் ஒருசேர இந்தியாவைத் தாக்கின. 1991ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடிக்கு இவையும் காரணமாயின. ஆயின், 50ஆம் பிரிவு கலந்தாலோசிக்கும் உரிமையைத் தருகிறதேயன்றி, இழப்பீடு பெறும் உரிமையைத் தருவதில்லை.

விலக்களிக்கும் அதிகாரம் எங்குண்டோ அங்கே ஊழலும் நுழையும் என்பதையும் ஈராக் காட்டிற்று. எண்ணெய் விற்று உணவு வாங்கும் திட்டத்தில் 2,200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் முறைகேடான தொகைகளைக் கொடுத்ததாக வோல்கர் தலைமையிலான விசாரணைக் குழு 2005ஆம் ஆண்டில் அறிவித்தது. பட்டினியைப் போக்க வந்த அனுமதிச் சீட்டுக்கும் விலை வைத்தோர் உலகெங்கும் இருந்தனர்.

இன்னொரு வகைத் தடையையும் நேயர்கள் பிரித்தறிய வேண்டும். ஐக்கிய நாடுகள் விதிக்கும் தடை வேறு. வல்லரசு ஒன்று தானே விதிக்கும் தடை வேறு. முன்னதற்கே கட்டுப்படுவோம் என்பது இந்தியா பல முறை கூறிய கொள்கை. ஆனால், உலக வாணிகத்தின் பெரும்பகுதி அமெரிக்க டாலரில் நடப்பதால், பின்னதும் நம் வாயிலுக்கு வந்துவிடுகிறது. ஈரான் நம் தேயிலையைப் பெரிய அளவில் வாங்கி வந்த நாடு. டாலர் வழி அடைபட்டபொழுது, 2012ஆம் ஆண்டில், ஈரானிய எண்ணெய்க்குரிய தொகையின் ஒரு பகுதியை ரூபாயாக யூகோ வங்கியில் செலுத்தி, அக்கணக்கிலிருந்தே நம் ஏற்றுமதியாளர்க்குப் பணம் கொடுக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. 2019 மே மாதத்தில் அமெரிக்க விலக்கு முடிவுற்று இந்தியா ஈரானிய எண்ணெய் வாங்குவதை நிறுத்தியது. கணக்கில் புதிய வரவு நின்றது; இருந்த ரூபாயும் கரைந்தது. அந்நாட்டிற்குச் சரக்கனுப்பியவர்கள் பணம் வருமோ வாராதோ என்று கலங்கினர். தேயிலையை எவரும் தடை செய்யவில்லை. பணம் வரும் வழி மட்டுமே தூர்ந்தது. விளைவில் வேறுபாடு இல்லை.

ஆதலால் தடையே வேண்டாம் என்று கூறலாமா? கூறலாகாது. போருக்கும் வாளாவிருத்தலுக்கும் இடையே உலகத்தின் கையில் உள்ள கருவிகள் சிலவே. நேட்டால் தமிழருக்காக 1946ஆம் ஆண்டில் நம் முன்னோர் இழப்பை ஏற்றது வீண்போகவில்லை. ஒரு கொடுமையை உலகம் ஒப்புக்கொள்ளாது என்பதற்கு அது முதற் சான்றாயிற்று. 2017ஆம் ஆண்டின் வடகொரியத் தடையில் உணவும் மருந்தும் விலக்களிக்கப்பட்டமை, ஈராக்கில் நேர்ந்த பிழையிலிருந்து உலகம் சிறிது கற்றுக்கொண்டது என்பதைக் காட்டுகிறது.

நாம் நம் அரசிடம் எதிர்பார்க்க வேண்டியது இதுதான்: தடையாணையை அரசிதழில் எழுதும் அதே வேளையில், அதனால் எந்த மலைச்சரிவில், எந்தத் தொழிலாளிக்கு வேலை குறையும் என்பதையும் கணக்கிட்டு, மாற்றுச் சந்தையோ துணைத்தொகையோ ஏற்பாடு செய்ய வேண்டும். தேயிலை வாரியமும் நறுமணப் பொருள் வாரியமும் இதற்கான கருவிகளாக ஏற்கனவே உள்ளன. நேட்டால் தமிழர் தம் சுமையைத் தாமே விரும்பி ஏற்றனர். ஏலமலைத் தொழிலாளியை எவரும் கேட்டதில்லை. கேளாமலே ஒருவர் தோளில் சுமையேற்றினால், அதில் ஒரு பங்கைத் தாங்குவது ஏற்றியவரின் கடமை.

அடுத்த விடுமுறையில் ஊர் திரும்பும்பொழுது, குமுளியிலோ போடிமெட்டிலோ ஏலக்காய் மணம் காற்றில் வரும். அம்மணத்தோடு, கொச்சிச் சுங்க அலுவலகத்து மேசையையும் தில்லி அரசிதழையும் கடல்கடந்த மன்றத்தையும் ஒரு கணம் நினைத்துப் பார்க்க நேயர்களை வேண்டுகிறேன். அவை அனைத்தும் ஒரே வழியில்தான் இருக்கின்றன; அவ்வழியின் இந்த முனையில் நம் மக்கள் இருக்கிறார்கள்.